கண்ணாடி போட்டும் கண்ணில் இரும்புத்துகள் விழுவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் கேற் செய்யும் பட்டறையில், கண்ணாடி போட்டுக் கிறைண்டர் பிடித்தும் துகள் விழுகிறதென்று கேட்டிருந்தீர்கள். சாதாரணக் கண்ணாடிக்குப் பக்கமறைப்பு இல்லை. துகள் கன்னத்தில் பட்டு உள்ளே தெறிக்கும். முகத்தோடு ஒட்டி நிற்கும் கொகிள்ஸும் அதன்மேல் முகக்கவசமும் போடுங்கள். கழற்றுமுன் கண்ணை மூடிக்கொண்டு தலைமயிரையும் புருவத்தையும் தட்டிவிடுங்கள். பலருக்குத் துகள் விழுவது அந்த நேரத்தில்தான்.

விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். போகாவிட்டால் ஊசியாலோ சீலை முனையாலோ தோண்டவே வேண்டாம். ஒரு நாளுக்குள்ளேயே கருவிழியில் துரு படியத் தொடங்கிவிடும். அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறித்த துண்டு இன்னும் ஆபத்து. நோவு குறைவாக இருந்தாலும் கண்ணைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம். கழுவாமல், அழுத்தாமல், கடதாசிக் கப்பொன்றால் மூடிக்கொண்டு உடனே போய், பட்டது இரும்பு என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.