பான்1 மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வயது 48. ரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 146. சர்க்கரை இல்லை, பீடி பழக்கம் உண்டு. 'பான்1' என்ற நொதி மாரடைப்பைத் தடுக்குமாம், அதைக் கூட்ட மாத்திரையும் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அந்த நொதி பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது.

பான்1-ன் முழுப்பெயர் பாராக்ஸோனேஸ்-1. அது கல்லீரலில் உருவாகி, எச்.டி.எல். துகளோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. எல்.டி.எல். கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைவதைக் குறைக்க அது உதவுகிறது. அப்படிக் கெட்டுப்போன கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வரும்; விழுங்கி விழுங்கி உப்பி அங்கேயே தங்கிவிடும். இந்த அழற்சிக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வருடக்கணக்கில் நடக்கும். என்றாவது அந்தப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

சரி, எச்.டி.எல்.லை மருந்தால் ஏற்றிவிட்டால் போதாதா? டோர்செட்ராபிப் என்ற மருந்து அதை நன்றாகவே ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களிடையே உயிரிழப்பு கூடியதால் 2006-ல் ஆய்வையே நிறுத்தினார்கள். ரிப்போர்ட்டில் எண் ஏறுவது வேறு, இதயம் காப்பாற்றப்படுவது வேறு. பான்1-ஐக் கூட்டி மாரடைப்பைக் குறைத்ததாக நிரூபித்த மாத்திரை எதுவும் இல்லை.

புகை இந்த நொதியின் வேலையைக் குறைக்கிறது. விட்டவர்களுக்கு அது மறுபடி கூடுகிறது. ஆகவே மாத்திரைக்கு யோசித்த அக்கறையை பீடியை நிறுத்துவதில் காட்டுங்கள். எல்.டி.எல். 146-க்கு ஸ்டேட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தேவையா என்பதை ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அழற்சியைக் காட்டும் எச்.எஸ்.-சி.ஆர்.பி. பரிசோதனை எழுதிக் கொடுத்தால், சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும் சமயத்தில் எடுக்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மாந்தோப்புக்காரர் என்பதால். பாராத்தியான் பூச்சிமருந்து உடலுக்குள் போய் உண்டாக்கும் நஞ்சை உடைக்கும் நொதியாகத்தான் பான்1 முதலில் அறியப்பட்டது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் நஞ்சையும் உடைக்கும். அந்தத் திறன் ஆளுக்கு ஆள் மாறும்; பச்சைக் குழந்தைக்கு மிகக் குறைவு. பூவெடுக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது கைக்குழந்தை தோப்புப் பக்கமே வரக்கூடாது. அடித்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், அதைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். மருந்துக் கையோடு பீடி பற்றவைப்பது இரட்டை ஆபத்து. அடித்தபின் வாயில் எச்சில் ஊறினாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி வந்தாலோ மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வேலை செய்யும்போது நெஞ்சு இறுக்கி ஓய்வெடுத்தால் விடுகிறது என்றால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் அன்றே ஈசிஜி எடுங்கள். ஓய்விலும் விடாவிட்டால் உடனே 108.