ஐ.பி. கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் விசைத்தறி நடத்தி நட்டப்பட்டுவிட்டேன். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன், புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கைமாற்று, காசோலை கொடுத்து எடுத்த நூல் பாக்கி எனப் பல லட்சம் நிற்கிறது. ஒரு கடனுக்குத் தம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீதமிருக்கும் காலி மனையை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையல்ல. மனையை எழுதிவைக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். ஐ.பி. எனப்படும் திவால் மனு என்பது உங்கள் சொத்து, கடன் இரண்டையும் ஒளிவுமறைவின்றி நீதிமன்றத்தின் கையில் ஒப்படைப்பது. கடன்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளும் வழியன்று.

2016-இல் வந்த திவால் சட்டத்தொகுப்பில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களைப் பொறுத்த அளவில் மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமே. சென்னை நகருக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே மனு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதிக்குரிய சார்பு நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். கடனைத் தீர்க்க இயலாத நிலையில் இருப்பதோடு, கடன் 500 ரூபாயை எட்டியிருந்தால் போதும் என்கிறது சட்டம். நூறாண்டுக்கு முந்தைய அந்தத் தொகையை இன்று எவரும் தாண்டிவிடுவார்.

மனுவில் ஒவ்வொரு கடன்காரரின் பெயர், முகவரி, பாக்கித் தொகை, உங்கள் சொத்துகளின் விவரம், மதிப்பு, அவை இருக்குமிடம், இதற்கு முன் இப்படி மனு கொடுத்ததுண்டா என்பது ஆகியவை இருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களையும் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கைமாற்றாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். மனு ஏற்கப்பட்டதும் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். ஊரார் மஞ்சள் நோட்டீஸ் என்பது இந்தக் கட்டத்தைத்தான். நோட்டீஸ் போனதாலேயே எந்தக் கடனும் அழிவதில்லை. கடன்காரர்கள் வந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீங்கள் உண்மையில் கடனைத் தீர்க்க வசதியுள்ளவர் என்று காட்டினால் மனு தள்ளுபடியாகும்.

நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகுதான் உண்மையான பாதுகாப்பு தொடங்குகிறது. அதன்பின் நீதிமன்ற அனுமதியின்றி எந்தக் கடன்காரரும் உங்கள்மீது புதிதாக வழக்குத் தொடுக்க முடியாது. கைதாவதிலிருந்தும் நீங்கள் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அதற்கு ஈடாக, உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் அல்லது திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரியான அஃபிஷியல் ரிசீவரின் வசம் போய்விடும். கடன்களிலிருந்து நீதிமன்றம் தரும் விடுவிப்பு கிடைப்பதற்குள் உங்களுக்கு வரும் பரம்பரைச் சொத்தும் அதில் சேரும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவிகள், மனைவி கழுத்திலுள்ள தாலி போல மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது.

அடமானம் பெற்ற வங்கியை இதெல்லாம் கட்டுப்படுத்தாது. வீட்டை அது தன் போக்கில் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு என்பதால் அதுவும் தானாக நின்றுவிடாது. நூல் கொடுத்தவர் அந்த வழியில் போகக்கூடும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள்.

இப்போது மனைக்கு வருவோம். மாற்றி எழுதிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கப்பட்டு நீங்கள் திவாலானவராக அறிவிக்கப்பட்டால், உரிய விலை பெறாத அந்த மாற்றத்தை ரிசீவர் கேட்டுக்கொள்ள நீதிமன்றம் ரத்து செய்யலாம். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை மாற்றியது தெரிந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மனைவியையும் நீதிமன்றப் படியேற வைப்பதுதான் மிச்சமாகும்.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். திவாலானவர் என்று அறிவிக்கும் ஆணையிலேயே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிடும். நோட்டீஸ் போயாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டு அந்தக் கெடுவைத் தவறவிட்டால், அறிவிப்பே ரத்தாகிக் கடன்காரர்களின் உரிமை மறுபடி உயிர்பெறும். உரிய காலத்தில் மனு செய்தாலும் விடுவிப்பு உறுதியல்ல. பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா தேறும் அளவுக்குச் சொத்து இல்லையென்றால், அந்த நிலைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று நீதிமன்றத்துக்குப் புரியவைக்க வேண்டும். கணக்கு சரியாக வைக்காதது, தேறாது எனத் தெரிந்தபின்னும் கடன் வாங்கித் தொழிலை ஓட்டியது ஆகியவையும் எதிராக வரும். நூல் விலை, மின் கட்டணம், திரும்பிவந்த துணி ஆகியவற்றின் பில்களைத் தேதிவாரியாக இப்போதே அடுக்கி வையுங்கள். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் தொடரும். விடுவிப்பு கிடைக்கும் வரை, திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றமே.

கைமாற்று கொடுத்தவர்களில் எவரேனும் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று வசூலித்திருந்தால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி தடுப்புச் சட்டத்தின்கீழ் அதைத் தனியாக எதிர்கொள்ளலாம். அந்தக் கடனைத் திவால் பட்டியலில் சேர்க்கும் முன் வழக்கறிஞரிடம் அதைக் கூறுங்கள்.

தம்பியின் நிலைதான் இதில் சங்கடமானது. உங்களுக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிக்காது. கடன் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் அவரைக் கேட்கலாம். எனவே மனு தாக்கலாகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். தன் சொந்தப் பணத்தில் அவர் அந்தக் கடனைப் பேசித் தீர்த்துக்கொள்வதில் தடையில்லை. உங்கள் பணத்தை எடுத்து அந்த ஒரு கடனை மட்டும் அடைத்தால், மனுவுக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் ஒருவருக்குச் சலுகை காட்டினீர்கள் என்று சொல்லி ரிசீவர் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும்.