மழை பெய்தும் செம்பனையில் குலை இல்லை: உரத்தைக் குறை சொல்லாதீர்கள்

மலேசியாவின் பகாவ் ஊரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நல்ல மழை பெய்தும் மூன்று ஏக்கர் செம்பனையில் (எண்ணெய்ப் பனை) ஆண் பூவாகவே வருகிறது, உரக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள். பழி பசிபிக் கடலுக்குப் போக வேண்டியது.

2023 நடுவிலிருந்து 2024 நடுப்பகுதி வரை எல் நினோ இருந்தது. எல் நினோ வந்தால் பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும். நம் பக்கம் எழ வேண்டிய மழைமேகம் அந்தச் சூட்டைத் தேடிக் கிழக்கே போய்விடும். போதாததற்கு 2023 இறுதியில் சுமத்ராவை ஒட்டிய இந்தியப் பெருங்கடல் குளிர்ந்து, வறட்சிக்குத் துணை நின்றது.

செம்பனை அந்தத் தாகத்தை உடனே காட்டாது. பெண் பூதான் குலையாகும். இன்று வரும் பூ ஆணா பெண்ணா என்பது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே குருத்துக்குள் முடிவாகிவிட்டது. அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் மரம் ஆண் பூவை அதிகமாக்கிக்கொள்ளும். என் மரங்களிலும் மட்டை இடுக்கெல்லாம் விரல் விரலாக ஆண் பூதான், சோம்பு வாசனையோடு.

உரத்தை இரட்டிப்பாக்க வேண்டாம், வழக்கமான அளவே போதும். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே பரப்புங்கள், ஈரம் நிற்கும். பத்து மரத்தில் பெண் பூக்களை எண்ணிப் பாருங்கள். அவை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும்.