வலிப்பு மாத்திரை எரியும் பாதத்துக்கு எதற்கு?

கேள்வி: எனக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் இரண்டு வேளையும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியவில்லை. பிரிகாபாலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையை இரவில் ஒன்று போடச் சொன்னார் டாக்டர். மருந்துக்கடைப் பையன் "இது வலிப்புக்குக் கொடுப்பது" என்றான். மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு "மனச்சோர்வு மாத்திரையும் இதில் இருக்கிறது" என்கிறான். எனக்கு இரண்டுமே கிடையாது. ஐந்து நாள் போட்டேன். தலை கிறுகிறுத்தது, வாய் காய்ந்தது, எரிச்சல் குறையவில்லை. நிறுத்திவிட்டேன். தாங்க முடியாத அன்று மட்டும் கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். நான் செய்தது சரியா?

பதில்: கடைப் பையன் சொன்னதும் உண்மை, உங்கள் மகன் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாத்திரையை ஐந்து நாளில் விட்டதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் அந்த டைக்ளோஃபெனாக் மேல்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கையில் அரிவாள்மணை வெட்டினால் வலிக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் சில ரசாயனங்கள் சுரந்து நரம்பைத் தூண்டுகின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைக் குறைப்பவை. உங்கள் பாதத்தில் வெட்டும் இல்லை, வீக்கமும் இல்லை. பல வருடச் சர்க்கரையில் நரம்பே கெட்டிருக்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை போகிறவை. சர்க்கரை முதலில் கைவைப்பது அவற்றின் நுனியில்தான். வாசலில் ஆளே இல்லாமல் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தால் வயரில்தானே கோளாறு? அதேபோல் கெட்ட நரம்பும் யாரும் தொடாமலே மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்களைப் போன்றவர்கள் வந்தால் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்போம். "எப்போது தொடுகிறேன் என்று சொல்லுங்கள்" என்றால், "இன்னும் தொடவே இல்லையே டாக்டர்" என்பார்கள். அதற்குள் நான்கு இடத்தில் தொட்டு முடித்திருப்பேன். பகலில் தொடுவது தெரியாத அதே பாதம்தான் ராத்திரி போர்வை பட்டாலே துடிக்கிறது.

நீங்கள் மிளகாய் என்று எழுதியதும் வெறும் உவமை இல்லை. சூட்டை உணரும் நரம்பு நுனியில் ஒரு கதவு இருக்கிறது. மிளகாயின் காரமும் அதே கதவைத்தான் திறக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். மிளகாய்ச் சத்தான கேப்சைசினைக் களிம்பாகத் தொடர்ந்து பூசினால் அந்த நுனிகள் சலித்துப்போய் அடங்குவதும் உண்டு. ஆனால் முதல் சில நாள் எரிச்சல் கூடும், வெடிப்போ புண்ணோ இருந்தால் பூசக் கூடாது. அதனால் டாக்டர் பாதத்தைப் பார்க்காமல் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, வலிப்பு மாத்திரைக்கு வருவோம். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால், அதன் நுனிக்குள் கால்சியம் புக வேண்டும். கால்சியம் புகுந்தால்தான் செய்தி சொல்லும் ரசாயனம் வெளியே வரும். பிரிகாபாலின் அந்தக் கால்சியம் வாசலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கிறது. நரம்பின் கூச்சல் முதுகுத்தண்டிலேயே தணிகிறது. வலிப்பிலும் மூளை நரம்புகள் கட்டுக்கடங்காமல் கூச்சல் போடுகின்றன. வாசல் ஒன்றுதான், அதனால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. (இதன் அண்ணன் கேபாபென்டினை மூளையில் இருக்கும் காபா என்ற பொருளைப் போல வேலை செய்யட்டும் என்று உருவாக்கிப் பெயரும் அப்படியே வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அது காபா பக்கமே போகவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.)

நார்ட்ரிப்டிலின் வேறு வழி. வலியை அடக்கச் சொல்லி மூளையிலிருந்தும் முதுகுத்தண்டுக்கு உத்தரவு இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சுமந்து வரும் நார் அட்ரினலின் என்ற ரசாயனம் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுப்பது 75 மி.கி. அளவில். உங்களுக்கு எழுதியது 10. உங்கள் மனதைப் பற்றி டாக்டர் எந்த முடிவுக்கும் வரவில்லை. மனம் தெளிவாக இருப்பவர்களுக்கும் இதில் நரம்பு வலி குறைகிறது.

இப்போது கிறுகிறுப்பு. மாத்திரைக்குப் பாதம் எது, மூளை எது என்று தெரியாது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியிலும் அதே கால்சியம் வாசல்கள் இருக்கின்றன. அங்கேயும் கூச்சல் தணியும்போது தலை சுற்றுகிறது, தூக்கம் சொக்குகிறது, சிலருக்குப் பார்வை மங்குகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும். அதுவரை ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நடங்கள். உங்கள் வயதில் மாத்திரையைவிடப் பயப்பட வேண்டியது இடுப்பு எலும்பு முறிவுக்குத்தான்.

வாய் காய்ந்தது பிரிகாபாலினாலும் ஆகலாம். ஆனால் முதல் சந்தேகம் நார்ட்ரிப்டிலின் மேல்தான். மலச்சிக்கலும் அதோடு வரும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரிகாபாலினில் எடை கூடலாம், கால் வீங்கலாம். நீங்கள் சாப்பிடும் அம்லோடிபினுக்கும் கால் வீக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்து கணுக்கால் வீங்கினால் உடனே இதயம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், காட்டாமலும் இருக்க வேண்டாம். தூக்க மாத்திரை, டிரமடால் வகை வலி மாத்திரை எதையும் கேட்காமல் இதோடு சேர்க்காதீர்கள். மூச்சு மந்தமாகிவிடும்.

இரண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரையில் ஆரம்பிப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரே மாத்திரை, விலையும் குறைவு என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் தலை சுற்றினால் எதைக் குறைப்பது? ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை, கடைசியில் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியதாகிவிடுகிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான். என் நோயாளியாக இருந்திருந்தால் பிரிகாபாலினை மட்டும் 25 அல்லது 50 மி.கி.யில் ராத்திரிக்கு ஆரம்பித்து, வாரம் பார்த்து ஏற்றியிருப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் டுலோக்செட்டின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்து இருக்கிறது. அதில் ஆரம்பத்தில் குமட்டல் வரும், ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

எது போட்டாலும் ஐந்து நாளில் தீர்ப்பு எழுத முடியாது. சரியான அளவுக்கு ஏற்றிய பிறகும் சில வாரம் பார்க்க வேண்டும். எரிச்சல் சுத்தமாக மறைவது சிலருக்குத்தான். பாதியாகக் குறைந்து ராத்திரி தூங்க முடிந்தாலே நாங்கள் அதை நல்ல பலன் என்போம். ஆனால் இந்த மருந்து எதுவும் கெட்ட நரம்பைத் திருப்பிக் கட்டாது. நரம்பு மேலும் கெடாமல் இருப்பது சர்க்கரைக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று, மாதக்கணக்கில் போட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு எல்லாம் வரும். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். ஐந்தே நாளில் விட்டதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

டைக்ளோஃபெனாக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். நரம்பு எரிச்சலுக்கு அது பெரிதாக உதவாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே உங்கள் சிறுநீரகத்துக்குச் சுமை. இது மூன்றாவது சுமை. ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அதோடு பிரிகாபாலின் உடம்பில் சிதையாமல் கிட்டத்தட்ட முழுசாகச் சிறுநீரில்தான் போகிறது. சிறுநீரகம் மந்தமானால் 75 மி.கி.கூட உடம்பில் தேங்கிவிடும். உங்களுக்கு வந்த கிறுகிறுப்புக்கே அது காரணமாக இருந்திருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

அந்தப் பரிசோதனையோடு வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் பாதம் இதேபோல் மரத்து எரியும், சரிசெய்யக்கூடியதும்கூட. மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல் ரிப்போர்ட்டோடு எடுத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போங்கள். "ஐந்து நாளில் நிறுத்திவிட்டேன், கிறுகிறுத்தது" என்று உள்ளபடி சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும், அளவைக் குறைத்து எழுத அவருக்கு அந்தத் தகவல் வேண்டும். அதுவரை எரிகிறதே என்று ஐஸ் தண்ணீரிலோ வெந்நீரிலோ காலை வைக்காதீர்கள். சூடும் குளிரும் அந்தப் பாதத்துக்குச் சரியாகத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.