55 கிலோவாட் கம்ப்ரசருக்கு விஎஃப்டி போட்டால் ஸ்பின்னிங் மில்லின் கரண்ட் பில் குறையுமா?

விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவுக்குக் கொட்டேஷன் வாங்கும் முன், காற்று எவ்வளவு ஒழுகுகிறது என்று பாருங்கள். உங்களுடையது லோடு-அன்லோடு ஸ்க்ரூ கம்ப்ரசர் (அழுத்தம் குறைந்தால் காற்றை அடைக்கும், எட்டியதும் அடைக்காமல் சும்மா சுற்றும்) என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விடுமுறை நாளில் மெஷின்களை நிறுத்தி, லைன் வால்வுகளைத் திறந்தே வைத்துக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் ஐந்தாறு சுற்றுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 40 நொடி, அன்லோடு 120 நொடி என்றால் 160-இல் 40, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 25 சதவீதம் ஒழுகுகிறது. பராமரிப்பில்லாத ஆலைகளில் 20–30 சாதாரணம். 10-க்குள் கொண்டுவரலாம். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே சுமார் 4 கிலோவாட் தின்னும். வருடம் 8,000 மணி நேரம் ஓடினால் 32,000 யூனிட்.

மெயின் பைப்பைவிட மெஷின் பக்கம்தான் ஒழுகல் அதிகம். நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில், காற்று போகும் பியூ (பிளாஸ்டிக்) டியூபைக் கட்டிங் பிளேயரால் சாய்வாக வெட்டிச் செருகியிருப்பார்கள். கனெக்டரின் சீல் சரியாகப் பிடிக்காது. டியூப் கட்டரால் நேராக வெட்டிச் செருகுங்கள். மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் எக்ஸாஸ்டில் ஓயாமல் சீறல் கேட்டால் வால்வின் சீலையோ சிலிண்டரின் சீலையோ மாற்ற வேண்டும். காற்றுத் தொட்டியான ரிசீவரின் டிரெயினைத் தண்ணீருக்காகப் பாதி திறந்தே விட்டிருப்பார்கள். அங்கே தண்ணீரைத் தானே வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் போடுங்கள்.

ஒழுகலை அடைத்ததோடு விட்டால் பில்லில் எதிர்பார்த்த அளவு குறையாது. அன்லோடில் சும்மா சுற்றும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரசர் முழு லோடில் கால் பங்குக்குமேல் இழுக்கும். இரண்டாவது கம்ப்ரசர் ஓடினால் அதை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கம்ப்ரசரின் அழுத்த செட்டிங்கை ஷிப்டுக்கு 0.2 பார் வீதம் இறக்கி, லைனின் கடைசி மெஷினில் காற்றால் நூலை இணைக்கும் ஸ்ப்ளைஸின் பலத்தைச் சோதியுங்கள். 1 பார் இறங்கினால் 6–7 சதவீத மின்சாரம் மிச்சம். லைன் ஃபில்டரில் அரை பாருக்குமேல் இழப்பு இருந்தால் முதலில் எலிமென்ட்டை மாற்றிவிடுங்கள்.

விஎஃப்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காற்றுத் தேவை ஏறி இறங்கும் ஆலையில் அது நல்ல முதலீடு. ஆனால் எந்நேரமும் முழு வேகத்திலேயே ஓடும் கம்ப்ரசரில் டிரைவின் சொந்த இழப்புதான் கூடும். ஒழுகலை அடைத்த பிறகு தேவையை அளந்து முடிவெடுங்கள்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. பல லட்ச ரூபாய் மெஷினுக்கு உடனே கையெழுத்துப் போடும் நிர்வாகங்கள், ஃபிட்டர் கேட்கும் நல்ல கனெக்டருக்கு மூன்று கொட்டேஷன் கேட்டு மலிவானதை வாங்கித் தருகின்றன. அது சில மாதத்தில் ஒழுக ஆரம்பித்ததும் திட்டு வாங்குவது அந்த ஃபிட்டர்தான்.