சூரைச்செடியின் கீழே ஓர் ஆசிரியர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். சிங்கப்பூரில் ஓர் அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். கர்த்தர் அழைத்தார் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்போது காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே மனம் கனக்கிறது. முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிப்பேன். இப்போது வேதத்தைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிடுகிறேன். இரவு பதினோரு மணிக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப் வருகிறது. போன வாரம் தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையனைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளியும் என் பொறுப்புதான். என் விசுவாசம் குறைந்துவிட்டதா? அழைப்பு முடிந்துவிட்டதா? மதத்தைப் பற்றிப் பேசக்கூடாத ஒரு வகுப்பறையில் நான் கிறிஸ்தவளாக இருப்பதற்கு என்னதான் அர்த்தம்?

ஒரு சகோதரி, சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தூக்கம் குறைந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது ஊழியக்காரர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அடிக்கடி நேர்வது.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, இந்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்கிறார். கர்த்தர் அவருக்கு என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்று கவனியுங்கள். முதலில் தூக்கம். பிறகு தூதன் தட்டி எழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை. ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி. சூரைச்செடியின் கீழே அவருடைய அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. நீங்களோ அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஓரேபின் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். ஐந்து மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். இரவு பத்தரைக்குப் படுத்துவிடுங்கள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஒரு கையில் சிவப்புப் பேனாவும் மறுகையில் ரொட்டியுமாக வேண்டாம். ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்கிறது 127ஆம் சங்கீதம். அதே வசனத்தின் முதல் பாதி, அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று சொல்கிறது. அதிகாலை ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நள்ளிரவில் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு அந்த ஐந்து மணி நேரத் தூக்கம் போதாது. மிச்சக் கடனை மூன்றாம் பாடவேளையில் ஏதோ ஒரு பையன்தான் கட்டுகிறான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் சரியாகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகும் காலையில் அழுகை வருகிறது, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாங்க முடியாத இரவில் 1767 என்ற எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தூதன் எழுப்பியபோது எலியாவுக்குக் கிடைத்தவை அடையும் தண்ணீரும்தான்.

இனி ஜெபம். ஆசிரியரின் நாளில் ஒரு மணி நேரம் மொத்தமாகக் கிடைப்பது அரிது. சின்னச் சின்ன இடைவெளிகள் நிறைய உண்டு. தாய்மொழிப் பாடத்துக்காக நீங்கள் வகுப்பு விட்டு வகுப்பு நடக்கிறீர்கள். கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்கும்வரை காத்திருக்கிறீர்கள். எம்ஆர்டி ரயிலில் கால் மணி நேரமாவது இருக்கும். பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியா இப்படிப்பட்ட இடைவெளி ஒன்றில் ஜெபித்தவர்தான். ராஜா கேள்வி கேட்கிறான். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சில விநாடிகள்தான். ஆனால் பலரும் கவனிக்காமல் விடுவது இது: நெகேமியா புத்தகத்தின் முதல் அதிகாரம் கிஸ்லே மாதத்தில் தொடங்குகிறது, ராஜாவின் கேள்வி நிசான் மாதத்தில் வருகிறது. இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் அவர் அழுது, உபவாசித்து, ஜெபித்திருக்கிறார். அந்தச் சில விநாடிகள் இந்த நான்கு மாதத்தின் மேல் நிற்கின்றன.

அதனால் உங்களுக்கும் இரண்டும் வேண்டும். நீண்ட ஜெபத்தை வாரத்தில் ஒரு நாளுக்கு, சனிக்கிழமை காலைக்கு, மாற்றுங்கள். முக்கால் மணி நேரம் போதும், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். மற்ற நாள்களில் ரயிலில் ஒரு சங்கீதம். ஒரே சங்கீதத்தை ஐந்து நாளும் வாசியுங்கள், தினம் ஒன்றாக ஓட வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வசனமாவது வாயில் தங்கிவிடும். ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புக்கு நடக்கும்போது, ‘கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்’ என்ற 141ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம் ஒன்று போதும். அந்தப் படிக்கட்டு நீளத்துக்குச் சரியாக இருக்கும்.

பிள்ளைகளுக்காக ஜெபிக்க வருகைப் பதிவைவிட நல்ல ஜெபப் புத்தகம் கிடையாது. உங்களிடம் மூன்று வகுப்புகள், வகுப்புக்கு இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம்: அறுபது பெயர்கள். நாளுக்கு இரண்டு பெயர் என்றால் முப்பது பள்ளி நாளில், அதாவது ஆறு வாரத்தில், முடியும். ஒரு தவணை பத்து வாரம். மீதி நான்கு வாரத்தில் உங்கள் மனம் எந்தப் பிள்ளைகளை நோக்கிப் போகிறதோ அவர்களிடம் திரும்பி வாருங்கள். அந்த முதல் ஆறு வாரமும் வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் பிடித்த பிள்ளைகளுக்கும் தொல்லை கொடுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே ஜெபித்துக்கொண்டிருப்போம். நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயரே வராது.

ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் வீட்டுப் பிரச்சினையைச் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போடாதீர்கள், பெயர் சொல்லாமலும் போடாதீர்கள். நம் தமிழ்ச் சமூகம் சின்னது. பள்ளியின் பெயரும் வகுப்பும் தெரிந்தால் பிள்ளை யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னது அந்தத் தாயின் காதுக்குப் போனால் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. குறிப்பேட்டில் எழுதினாலும் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். எல்லார் முன்னாலும் கத்தினீர்கள் என்றால் எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாள் தள்ளிப்போனாலும் கேளுங்கள். ஒரே வாக்கியம்: ‘போன வாரம் நான் உன்னிடம் குரலை உயர்த்தியது தவறு, என்னை மன்னித்துக்கொள்.’ அதோடு நிறுத்துங்கள். ‘ஆனால் நீயும் வீட்டுப்பாடம் செய்யவில்லையே’ என்று சேர்த்தீர்களோ, மன்னிப்பு போய்விடும், கண்டிப்பு மட்டும் மிஞ்சும். வீட்டுப்பாடத்தைப் பற்றித் தனியாக, வேறொரு நாள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். உடனே மாறுவான் என்று எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள். அந்த வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகள், பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்பதை ஒருவேளை முதல் தடவையாகப் பார்ப்பார்கள். ‘கிறிஸ்தவளாக இருப்பதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டீர்களே, பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

கோபம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். உடற்கல்விக்குப் பிறகு வரும் பாடவேளை, இடைவேளைக்கு முந்தைய பாடவேளை, வெள்ளிக்கிழமைக் கடைசி வேளை என்று ஓர் ஒழுங்கு தென்படும். அந்த வேளைகளில் புதுப் பாடம் வைக்காதீர்கள், எழுத்து வேலை கொடுங்கள்.

கட்டுரை திருத்துவதிலும் இப்படித்தான். இருபத்தைந்து கட்டுரை, ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரே இரவில் உட்கார்ந்தால் கடைசி ஐந்து பிள்ளைகளுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். யாருடைய எழுத்து உங்களுக்குச் சலிப்பூட்டுகிறதோ அந்தப் பிள்ளையின் கட்டுரையைக் கட்டின் மேலே வையுங்கள். பொறுமை நிறைய இருக்கும்போது அது கைக்கு வரட்டும். ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை. இந்த வாரம் ல, ள, ழ மட்டும், அடுத்த முறை ஒற்று மட்டும். எல்லாப் பிழையையும் வட்டமிட்டுச் சிவந்துபோன தாளை எந்தப் பிள்ளையும் திரும்ப வாசிப்பதில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் அடைவுநிலை 6இல், அதாவது 45க்கும் 64க்கும் இடைப்பட்ட மதிப்பெண்ணில், நிற்கும் பிள்ளைக்கு அடுத்த படி எது என்று தெரிந்தால்தான் அவன் ஏறுவான். ‘நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்’ என்று பவுல் எழுதியது சபையைப் பற்றித்தான். ஆனால் தொடக்கநிலை நான்கில் நீர் ஊற்றுகிறவர் தொடக்கநிலை ஆறின் அறுப்பைப் பார்க்காமலே போவது ஆசிரியர் வேலையின் இயல்பு. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

பதினோரு மணி வாட்ஸ்அப் விஷயத்தில் உங்களுக்கு அமைச்சின் ஆதரவே இருக்கிறது. ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டியதில்லை, அவசரம் தவிரப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியதில்லை என்று கல்வி அமைச்சு 2024இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் சங்கடம் இருக்கலாம். அடுத்த தவணைத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள்: இனி பள்ளி மின்னஞ்சல் அல்லது பள்ளித் தொலைபேசி, பதில் மறுநாள் வேலை நேரத்தில் வரும். கோபமான செய்திக்கு மறுநாள் ஓய்வுப் பாடவேளையில் மூன்று வாக்கியம் போதும்: சொன்னதற்கு நன்றி, நான் கண்டது இது, எப்போது பேசலாம். விளக்கத்தை எழுத்தில் நீட்டினால் விவாதம் வளரும். குரலில் சொன்னால் பெரும்பாலும் தணியும். ‘மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்’ என்று நீதிமொழிகள் 15:1 சொல்வது அந்த மூன்று வாக்கியத்துக்கும் பொருந்தும்.

அரசாங்கப் பள்ளியில் மதப் பிரசாரத்துக்கு இடமில்லை. இது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஓர் இந்துத் தாயும் ஒரு முஸ்லிம் தந்தையும் நம்மை நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதும் சாட்சிதான். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கப் பள்ளிகளில் சிற்றாலய வேளை உண்டு, அங்கே நிலைமை வேறு. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ‘டீச்சர், நீங்க சர்ச்சுக்குப் போவீங்களா’ என்று கேட்டால் ‘ஆமாம், போவேன்’ என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள். அழைப்பிதழும் துண்டுப்பிரதியும் வேண்டாம். தீபாவளி நிகழ்ச்சியை நடத்துவது தமிழாசிரியரின் வேலை, மனசாட்சி உறுத்தத் தேவையில்லை. நிகழ்ச்சியில் வழிபாடாக ஏதேனும் இருந்து உங்களால் முடியாது என்றால், ஒரு மாதம் முன்பே துறைத் தலைவரிடம் அமைதியாகச் சொல்லி, அறிவிப்பாளர் பொறுப்பையோ புதிர்ப் போட்டியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேடை ஏறிய பிறகு மறுக்காதீர்கள்.

கடைசியாக ஓய்வுநாள் பள்ளி. ஆசிரியர் என்றாலே சபையில் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள், ஜூன் விடுமுறையில் வேதாகமப் பள்ளியையும் சேர்த்து. வாரத்தில் ஆறு நாள் கற்பித்துவிட்டு ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டு உட்காராமல் இருப்பவருக்கு ஊற்றில் தண்ணீர் எங்கிருந்து வரும்? மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரிப்பதைப் பார்த்த அவருடைய மாமன் எத்திரோ, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்றுதான் சொன்னார். அடுத்த வருடப் பொறுப்புகளைப் பெரும்பாலும் வருடக் கடைசியில் முடிவு செய்வார்கள், அதனால் செப்டம்பர் விடுமுறையிலேயே உங்கள் போதகரிடம் பேசிவிடுங்கள். ஒரு வருட ஓய்வு கேளுங்கள். அது முடியாது என்றால், வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒருவரை உதவிக்குக் கேட்டு, மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் நடத்தட்டும்; பாடக் குறிப்பை நீங்களே எழுதிக்கொடுக்காதீர்கள், அப்படிச் செய்தால் வேலை உங்களிடமே இருக்கும். அந்த இரண்டு ஞாயிறும் பின்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேளுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம்.

அழைப்பு முடிந்துவிட்டதா என்ற கேள்வியை டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். அப்போதும் அதே கேள்வி இருந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், விரிவாகப் பேசுவோம்.

கிறிஸ்துவின் அன்பில்