ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் விலை

அன்புள்ள அண்ணாச்சி,

கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கப்பலில் முதன்முறையாகப் போக்கர் ஆடினேன். கையில் ஸ்பேட் ஆஸும் ஸ்பேட் ஆறும். ஃப்ளாப்பில் (நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) இரண்டு ஸ்பேட். நடுவில் 4,000 இருந்தது. எதிராளி 4,000 கட்டினார், நானும் கட்டினேன். டர்னில் (நான்காவது சீட்டில்) ஸ்பேட் வரவில்லை. அவர் 12,000 கட்டினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அதையும் கட்டினேன். ரிவரிலும் (கடைசியான ஐந்தாவது சீட்டிலும்) வரவில்லை. ஃப்ளஷுக்கு, அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்வதற்கு, காத்திருப்பதே தப்பா?

வேறொரு கையில் ஜெயித்தபோது பக்கத்திலிருந்தவர், "டீலருக்கு ஒண்ணும் கொடுக்கலையா?" என்று கேட்டுவிட்டார். கூச்சமாகப் போய்விட்டது. எவ்வளவு கொடுப்பது முறை? நம்மூரிலேயே பழக வழி உண்டா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

காத்திருந்தது தப்பில்லை, அதற்குக் கொடுத்த விலைதான் தப்பு.

ஃப்ளாப்பில் உங்களுக்குத் தெரிந்த சீட்டு 5. தெரியாதவை 47, அதில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே வருவதற்கு 19 சதவீதம். 4,000 கட்டினால், வருகிற அந்த ஒரு தடவையில் 17,000 ஆவது கிடைக்க வேண்டும், அப்போதுதான் கைநட்டமில்லை. நடுவில் இருந்ததோ 8,000. மீதி 9,000ஐ அடுத்தடுத்த சுற்றில் கறந்துவிடலாம் என்று நினைத்துக் கட்டியிருந்தால், சரி, அதில் ஒரு நியாயம் உண்டு. ஆஸ் உங்களிடம் இருக்கிறது, எதிராளியிடம் அதைவிடப் பெரிய ஃப்ளஷ் இருக்குமோ என்ற பயமில்லை. ஏழும் ஐந்தும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

டர்னில் கட்டிய 12,000க்கு நியாயமே கிடையாது. நடுவில் 24,000 இருக்க, உங்களுக்குத் தேவை 49,000. பாக்கி 25,000 அவர் முன்னால் சிப்பாக இருந்ததா? இவ்வளவு எழுதியவர் அதை எழுதவில்லை. அங்கே பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு சீட்டும் சேர்த்துப் பார்த்தால் 35 சதவீதம் என்று யாராவது சொல்வார்கள். ஃப்ளாப்பிலேயே கையிலிருக்கும் காசு எல்லாம் உள்ளே போய், டர்னில் மறுபடி காசு கேட்க ஆளில்லை என்றால்தான் அந்தக் கணக்கு.

இது ரம்மிப் பழக்கம். ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் ஆனால் (சீட்டைப் போட்டு விலகினால்) 20 புள்ளி, கடைசிவரை உட்கார்ந்து மாட்டினாலும் 80. நடுவில் எத்தனை சீட்டு எடுத்துப் பார்த்தாலும் தனிக் காசு இல்லை. போக்கரில் ஒவ்வொரு சீட்டுக்கும் புதிதாகக் காசு வைக்க வேண்டும், போகப்போக விலை ஏறும்.

அப்புறம், ஃப்ளாப்பில் நீங்களே ரெய்ஸ் செய்திருக்கலாம், அதாவது அவர் கட்டியதற்கு மேல் கூட்டிக் கட்டியிருக்கலாம். அவர் ஃபோல்ட் செய்தால் (சீட்டைப் போட்டு விலகினால்) அப்போதே காசு உங்களுக்கு, செய்யாவிட்டாலும் 9 சீட்டு பாக்கி. ஆனால் சுற்றுலாவுக்கு வந்து எதையும் விடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவரிடம் இது பலிக்காது.

டிப் விஷயம். ஓரளவு பெரிய பாட் (நடுவில் சேர்ந்த காசு) ஜெயித்தால், அது உங்கள் பக்கம் தள்ளப்பட்ட பிறகு, மேசையில் இருப்பதிலேயே சின்ன சிப் ஒன்றை டீலர் பக்கம் நகர்த்துங்கள். லாஸ் வேகாஸின் சின்ன மேசைகளில் பாட்டுக்கு ஒரு டாலர் வழக்கம். ஆஸ்திரேலியாவில் காசினோ டீலர் டிப் வாங்கவே கூடாது. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே வைக்கும் கட்டாயக் காசு) மட்டும் கிடைத்த கைக்கும், தோற்ற கைக்கும் ஒன்றும் வேண்டாம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டை நிறுத்தி மைக்கில் "இன்னார் அன்பளிப்பு" என்று சொல்வார்களே, அந்த மாதிரி ஊரறியக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை இது. பேசாமல் கொடுத்துவிட்டு அடுத்த கையைப் பாருங்கள்.

டிப்பும் உங்கள் கணக்கில் சேரும். 2,000 ரூபாய் பாட்டில் 5 சதவீதம் ரேக் (காசினோ எடுக்கும் பங்கு) என்றால் 100, டிப் இன்னொரு 100. கைக்கு வருவது 1,800. டிரா கையில் (இப்படிச் சீட்டுக்குக் காத்திருக்கும் கையில்) லாபமே மயிரிழைதான், பத்தில் ஒரு பங்கு போனால் பெரும்பாலும் நட்டம். அதற்காக டீலர் காசில் கை வைக்காதீர்கள், சின்னப் பாட்டில் டிராவை விரட்டுவதை விடுங்கள்.

நம்மூரில் பழகுவதைக் கேட்டீர்கள். ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை 2025இல் மத்திய சட்டமே தடை செய்துவிட்டது. இங்கே காசு வைத்து மேசை போட்டு, அதில் ஒருவர் கமிஷனும் எடுத்தால் தமிழ்நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி போலீஸ் வரும். வீட்டில் புளியங்கொட்டை வைத்து 19 சதவீதக் கணக்கைப் பழகலாம். ரெய்ஸ் செய்து விரட்டுவதை மட்டும் அங்கே பழக முடியாது, புளியங்கொட்டைக்குப் பயந்து யாரும் ஃபோல்ட் செய்யப் போவதில்லை.